தேயாத மூன்று ஜோடி

பதினேழு பேர் போனார்கள், பதினேழு பேரும் திரும்பினார்கள். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வகுப்பறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் எண்ணிப் பார்த்தது அதைத்தான். பெஞ்சு பெஞ்சாக ஒரு முறை, பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒரு முறை, கடைசியிலிருந்து முன்னால் ஒரு முறை. மூன்று முறையும் பதினேழு வந்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பின் பெஞ்சில் யாரோ, "பட்டியில ஆட்டுக்குட்டி எண்ற மாதிரியே எண்றாரு" என்றது காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

ஜவ்வாது மலையில் உள்ள அந்தப் பள்ளியில், தொழிற்கல்விப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளைப் பதினான்கு நாள் வேலைப் பயிற்சிக்காக மலைக்குக் கீழே அனுப்புவார்கள். டூவீலர் பட்டறை, தையல் கூடம், நாற்றுப் பண்ணை, தேன் அடைக்கும் கூடம், அரிசி ஆலை என்று ஐந்து இடங்கள். எல்லாம் செங்கத்தைச் சுற்றி. தங்குவதற்கு அங்கேயே விடுதி. தோல் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னை, இந்தப் பயிற்சியின் பாதுகாப்பைக் கவனிக்க வைத்திருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் மலை மேல் ஓர் அறையில் தங்குவேன். வெள்ளிக்கிழமை மாலை பஸ் பிடித்துக் கணியம்பாடியில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடுவேன்.

என் வேலை இரண்டு. பிள்ளைகள் போவதற்கு முன் ஒவ்வோர் இடத்தையும் நேரில் பார்த்து, பன்னிரண்டு வரிகள் கொண்ட ஒரு தாளில் குறி போட்டு, அனுப்பலாம் என்று கையெழுத்திட வேண்டும். அவர்கள் திரும்பியதும் உட்கார வைத்து, எங்கே ஆபத்து இருந்தது, எதைச் சொல்லிக் கொடுத்தார்கள், எதைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று விசாரிக்க வேண்டும். விசாரணை முடிந்தால்தான் அடுத்த அணி கிளம்பலாம். அடுத்த அணியிலும் பதினேழு பேர். திங்கட்கிழமை காலை ஆறு இருபது பஸ்ஸில் அவர்கள் ஏற வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு தாள் கொடுத்தேன். அதிலும் பன்னிரண்டு கேள்விகள். பதினேழு தாள்களும் இருபது நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டன. இருநூற்று நான்கு பதில்கள். நான்காவது கேள்வி, 'வேலை நேரம் முழுவதும் ஷூ அணிந்திருந்தாயா?' பதினேழு 'ஆம்'. ஒன்பதாவது, 'ஆபத்தாக எதையாவது பார்த்தாயா?' பதினேழு 'இல்லை'.

தாள்களை மறுபடியும் ஒன்றொன்றாகப் புரட்டினேன். தொழிற்சாலையில் விபத்துப் பதிவேடு என் மேசையில்தான் இருக்கும். நான் கைப்பட எழுதிய விபத்துகள் நாற்பத்திரண்டு. எந்த மாதம் எல்லோரும் 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கொடுக்கிறார்களோ, அந்த மாதம் எனக்குத் தூக்கம் வராது. பட்டறையில் பதினான்கு நாள் இருந்த ஐந்து பேரில் ஒருவனுக்குக்கூட ஸ்பேனர் நழுவி விரல் நசுங்கவில்லையா? தையல் கூடத்தில் நான்கு பேர் இருந்தும் ஓர் ஊசி குத்தவில்லையா?

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டேன்.

"இல்ல சார்" என்றார்கள் ஒரே குரலில். பிரார்த்தனைக் கூட்டத்தில் சொல்வது போல.

பள்ளி வாங்கிக் கொடுத்த ஷூக்களை அடுத்த அணிக்காகத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அதனால் எல்லோரையும் வராந்தாவுக்குக் கூட்டிப் போய், ஜோடி ஜோடியாக வரிசையில் வைக்கச் சொன்னேன். முப்பத்து நான்கு ஷூ. ஒவ்வொன்றாக எடுத்து, கயிறு இருக்கிறதா என்று பார்த்து, திருப்பி அடியையும் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தேன். குனிந்து குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பட்டறைக்குப் போன ஐந்து ஜோடியிலும் கிரீஸ். நாற்றுப் பண்ணை ஜோடிகளின் பள்ளங்களில் செம்மண் அடைத்திருந்தது. தேன் கூடத்து ஷூ தரையில் ஒட்டிக்கொண்டு பிரியும்போது சத்தம் போட்டது. தையல் கூடத்து ஜோடிகளில் நூல் துணுக்குகள்.

கடைசி மூன்று ஜோடி அரிசி ஆலைக்குப் போனவை. ஐந்தாம் நம்பர், ஆறாம் நம்பர், ஏழாம் நம்பர். திருப்பிப் பார்த்தேன். கடையில் வாங்கிய அன்று இருந்த பள்ளங்கள் அப்படியே இருந்தன. மேலாக ரோட்டுத் தூசி மட்டும். நெல் அவிக்கிற ஆலையில் பதினான்கு நாள் நடந்த ஷூவின் அடியில் ஒரு தவிட்டுத் துகள்கூட இல்லை. மூக்கின் அருகே கொண்டு போய்ப் பார்த்தேன். ரப்பர் வாசனைதான்.

"டேய், சார் ஷூவ மோந்து பாக்கறாரு" என்று ஒருவன் சொல்ல, வராந்தாவே சிரித்தது. ஆலைக்குப் போன மூன்று பேர் மட்டும் சிரிக்கவில்லை.

மற்றவர்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு அந்த மூவரையும் வகுப்பறையில் முன் பெஞ்சில் உட்கார வைத்தேன். இரண்டு பெண்கள், ஒரு பையன். மூன்று ஜோடியையும் மேசை மேல் வரிசையாக வைத்தேன்.

"ஷூ போட்டீங்களா?"

"போட்டுக்கினுதான் சார் போனோம்" என்றான் பையன். "தெனமும்."

"அடி தேயவே இல்லையே."

"நாங்க மெதுவா நடப்போம் சார்."

இரண்டு பெண்களில் உயரமானவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடு என்கிற பார்வை. அவள்தான் மூவருக்கும் தலைவி என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

"மில்லுக்காரர் ஏதாவது சொல்லி அனுப்பினாரா? ஷூவப் பத்திக் கேட்டா இப்படிச் சொல்லுங்கன்னு?"

"அவரு இன்னாத்துக்கு சார் சொல்லப் போறாரு? நல்லவரு. மத்தியானம் அவரு வூட்டுச் சாப்பாடுதான் எங்களுக்கும். கடைசி நாளு பிரியாணி போட்டாரு" என்றாள் அவள். "அங்க சாப்ட்டு வந்துட்டு அந்த எடத்தக் கொற சொன்னா எங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்க."

அதாவது, குறை இருக்கிறது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து. கணியம்பாடி பஸ் நாலரைக்கு. நேரம் போய்க்கொண்டிருந்தது எனக்கு மட்டுமல்ல. திங்கட்கிழமை அந்த ஆலைக்குப் போகப் போகிற மூன்று பேரின் பட்டியல் என் சட்டைப் பையில் இருந்தது. வேறு வழி தெரியாமல் அதை எடுத்து மூன்று பெயர்களையும் வாசித்தேன். மூன்றாவது பெயர் வந்ததும் அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"அவளையா சார் மில்லுக்குப் போட்டிருக்கீங்க?"

"ஏன், உனக்குத் தெரிஞ்சவளா?"

"எங்க மாமா பொண்ணு."

மைதானத்தில் பந்து விழுந்து எழும்பும் சத்தம் கேட்டது. ஒன்பது வரை எண்ணினேன்.

"மிஷின் ரூமுக்குள்ள யாரும் செருப்பு போடக்கூடாது சார்" என்றாள். "வாசல்லயே வுட்டுடணும். உள்ள அம்மன் படம் இருக்குது. காத்தால வெளக்கேத்தி, கற்பூரம் காட்டிட்டுதான் மோட்டாரு போடுவாங்க. மூட்ட தூக்கறவங்களும் வெறுங்காலுதான். நாங்க மட்டும் எப்டி சார் ஷூவோட போறது?"

"தரை?"

"ஈரமாத்தான் இருக்கும். அவிச்ச நெல்லு தண்ணி வுட்டுக்கினே இருக்கும்ல."

"படம் எங்கே இருக்குது?"

"ஸ்டார்ட்டர் பொட்டிக்கு மேல" என்று பையன் சொன்னான். சொன்ன வேகத்தில் அவனுக்கு வாய் நிற்கவில்லை. "அந்தப் பொட்டியத் தொட்டா சுர்ருன்னு இருக்கும் சார். மொத நாளு தொட்டுட்டு நான் கத்திட்டேன். மூட்டக்கார அண்ணனுங்க எல்லாம் சிரிச்சாங்க. மலைக்காரனுக்கு அம்மன் சக்தி காட்டறாடான்னு..."

"நம்பிட்டியா?"

"பாதி நம்பினேன் சார்."

"எத்தனை தடவை சுர்ருன்னுது?"

"தெனமும் மோட்டாரு போடறது நாந்தான். காத்தால ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா."

பதினான்கு நாளில் இருபத்தெட்டு முறை. என் கையில் இருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டேன். என் நாற்பத்திரண்டு விபத்துகளில் பதினெட்டாவது ஞாபகம் வந்தது. தோல் ஊறப் போடும் கொட்டகை, ஈரத் தரை, மோட்டாரின் இரும்பு மூடி. அந்த ஆள் சாவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே "சும்மா லேசா சுர்ருங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்களில் நானும் ஒருவன். ரப்பர் செருப்பு வேண்டாம், கால் வழுக்குகிறது என்று அவன் கழற்றி வைத்திருந்த அன்று அது லேசாக இல்லை.

பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "இதையெல்லாம் எழுதாம, ஷூ போட்டேன்னு மூணு பேரும் குறி போட்டுக் குடுத்தா என்ன அர்த்தம்? படிச்ச புள்ளைங்கதானே? ஈரத் தரையில வெறுங்காலோட நின்னுக்கிட்டு கரண்டுப் பெட்டியத் தொடக்கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்? நாலு வகுப்பு எடுத்தேன்!"

உயரமான பெண் தலையைக் குனியவில்லை.

"நீங்களே செருப்ப வாசல்ல வுட்டுட்டுதான சார் உள்ள வந்தீங்க?"

"எப்போ?"

"எங்களக் கூட்டிக்கினு எடம் காட்ட வந்தீங்களே, அன்னிக்கு. மில்லுக்காரரு வாசல்ல நின்னுக்கினு வாங்க சார்ன்னாரு. நீங்க செருப்பக் கழட்டிட்டு, வேட்டிய எறக்கி வுட்டுக்கினு போனீங்க. அதப் பாத்துட்டுதான் நாங்களும் கழட்டினோம்."

பைல் கையோடு இருந்தது. அரிசி ஆலைக்கான தாளை எடுத்துப் பார்த்தேன். இவர்களைக் கூட்டிப் போன அதே தேதி. நெல் வரத்து இல்லாததால் அன்று ஆலை ஓடவில்லை. 'தரை: உலர்ந்தது'. குறி. 'மின் பெட்டி: மூடி உள்ளது'. குறி. 'காலணி: அணிகிறார்கள்'. குறி. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, கீழே என் கையெழுத்து. வெறுங்காலில் நின்றுகொண்டு அந்தக் குறியைப் போட்டிருக்கிறேன். கழற்றியதே எனக்கு நினைவில் இல்லை. நான் கிறிஸ்தவன். அந்தப் படம் நான் கும்பிடுகிற சாமி அல்ல. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது ஆலயப் படியில் எப்படி யோசிக்காமல் கழற்றுவேனோ அப்படியே கழற்றியிருக்கிறேன். விளக்கு எரிகிற இடம் என்றால் கால் தானாகச் செய்துவிடுகிறது.

"சரி" என்றேன். தாளைத் திரும்பப் பைலில் வைத்தேன். "அந்த மில்லையே விட்டுடுவோம். மூணு பேரைத் தையல் கூடத்துக்குப் போட்டுடறேன்" என்றேன்.

"அதுக்குதான் சார் சொல்லாம இருந்தோம்!" அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "மலைப் புள்ளைங்கள மிஷின்கிட்ட வுடற எடம் அது ஒண்ணுதான் சார். மத்த எடத்துல எல்லாம் பாத்துக்கினு நில்லு, டீ வாங்கிக்கினு வான்னு சொல்றாங்க. இங்கதான் மோட்டாரு போட வுடறாங்க, எடை பாக்க வுடறாங்க. நாங்க சொன்னதால மில்லு போய்டுச்சின்னா அடுத்த செட்டு எங்கள இன்னா சொல்லும்? என் மாமா பொண்ணு தையக் கூடத்துக்கா போவா? அவளுக்கு ஊசியில நூலு கோக்கவே வராது."

அதுவரை வாய் திறக்காத மற்றொரு பெண் முதல் முறையாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆலைக்காரருக்கு மூன்று முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. மோட்டார் சத்தத்தில் கேட்டிருக்காது. நாலரை பஸ் போய்விட்டது.

என் மனைவி போன் செய்தாள். "இன்னா, பஸ்ஸ வுட்டுட்டீங்களா? புள்ளைங்கள எண்ணிக்கினே இருந்தீங்களா?"

"நாளைக்குச் செங்கம் போகணும். ஒரு தப்பு நடந்துபோச்சு."

"யாரு பண்ண தப்பு?"

"நான்தான்."

"சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வளைவுகளை எண்ணவில்லை. எண்ணாமல் நான் மலை இறங்கியது அந்த ஒரு முறைதான். ஆலைக்காரரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் ஒரு பை. பையில் அந்த ஏழாம் நம்பர் ஜோடியும், கரண்டு இருந்தால் விளக்கு எரிந்து காட்டும் ஒரு பேட்டரி டெஸ்டரும். என் பெயரைக் கேட்டாலே நான் எந்த மதத்தான் என்று தெரியும். அம்மன் இருக்கும் அறைக்குள் ஷூ போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று நான் போய்ச் சொன்னால் அது எப்படிக் கேட்கும்? எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் தவறாகத்தான் கேட்டது.

ஆலைக்காரர் ஐம்பது வயதுக்காரர். அலுவலக அறையில் இருந்து எழுந்து வந்து, "வாங்க சார், புள்ளைங்க எப்டி கீறாங்க? நல்லா வேல கத்துக்கினாங்க" என்றார். டீ சொன்னார். டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, "உங்க ஸ்டார்ட்டர் பெட்டியில கரண்டு கசியுதுங்க" என்றேன்.

இயந்திர அறை வாசலுக்குப் போனோம். வாசலில் செருப்புகள். பதினோரு ஜோடி. ஆலைக்காரர் தன் செருப்பையும் விட்டுவிட்டு உள்ளே போனார். என் கால் விரல் தானாக வாரை நெம்பியது. நிறுத்தினேன். வாசற்படியிலேயே நின்று, டெஸ்டரை அவர் கையில் கொடுத்து, "ரப்பர் பிடியை மட்டும் பிடிங்க, பெட்டியில வேற எங்கேயும் கை படக்கூடாது, முதல்ல செருப்பப் போட்டுக்குங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். செருப்பு போடவில்லை. ஒரு காய்ந்த சாக்கை விரித்து அதன் மேல் நின்றுகொண்டு டெஸ்டரைப் பெட்டியின் இரும்பு மூடியில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அடக் கடவுளே" என்றார். "அம்மன் சக்தின்னு பசங்க கிண்டல் பண்ணுவானுங்க. நானும் சிரிச்சிட்டுப் போய்டுவேன்."

மோட்டாரை நிறுத்தச் சொல்லி, எலக்ட்ரீசியனுக்கு உடனே போன் போட்டார். அவன் வந்து முக்கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டான். நீராவியில் அரித்து, எர்த் கம்பி பெட்டிக்குப் பின்னால் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக அறுந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

"இன்னிக்கே மாத்திடறேன். திங்கக்கெழம புள்ளைங்கள அனுப்புங்க" என்றார் ஆலைக்காரர்.

"ஷூ?" என்றேன்.

"எர்த்து போட்டாச்சின்னா அப்பால எதுக்கு சார் ஷூ?"

"இந்தக் கம்பியும் ஒரு நாள் அரிக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தணும்."

அவர் முகம் இறுகியது. "சார், எங்கப்பா வெச்ச படம் அது. மில்லு தொறந்த நாள்ல இருந்து வெளக்கு நின்னதில்ல. நீங்க உங்க கோயிலுக்குள்ள ஷூவோட போவீங்களா?"

அந்தக் கேள்விதான் வரும் என்று மலையிலிருந்தே தெரியும். "போக மாட்டேங்க" என்றேன். "அன்னிக்கு இங்க வந்தப்பக்கூட நான் செருப்பக் கழட்டிட்டுதான் உள்ள வந்தேன். அதப் பாத்துட்டுதான் புள்ளைங்களும் கழட்டினாங்க. தப்பு என்மேல."

"புள்ளைங்க எதுனா சொன்னாங்களா?"

பையிலிருந்து ஏழாம் நம்பர் ஜோடியை எடுத்துத் திருப்பிக் காட்டினேன். "பாருங்க. தேயவே இல்ல. இதப் பாத்துதான் வந்தேன்."

அவர் ஷூவின் அடியைத் தடவிப் பார்த்தார். "சாமிய என் கையால எறக்க முடியாது சார்" என்றார் கடைசியில்.

"அப்போ என்னால கையெழுத்துப் போட முடியாதுங்க." அந்தப் பெண் எழுந்து நின்று கத்தியது காதில் கேட்டுக்கொண்டிருந்தது. மலைப் பிள்ளைகளை மோட்டார் போட விடும் ஒரே இடத்தை என் கையாலேயே மூடப் போகிறேன்.

மோட்டார் நின்றுவிட்டதால் வேலை செய்பவர்கள் வாசலில் சும்மா நின்றிருந்தார்கள். நெல் கிளறுகிற ஓர் அம்மா, முறத்தைத் தரையில் வைத்துவிட்டு, ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். விரல் இடுக்குகள் எல்லாம் வெளுத்து வெடித்திருந்தன. சேற்றுப்புண்.

"மொதலாளி, இத மொத பாருங்க. அம்மனையும் எங்களோட ஈரத்துலயே நிக்க வெச்சிருக்கீங்க. ஆபீசு ரூமுக்குக் கூட்டிக்கினு போங்க. அங்க ஃபேனு கீது, ஏசி கீது. நீங்களும் அங்கதான செருப்பக் கழட்டிட்டு காலத் தூக்கி வெச்சிக்கினு ஒக்காந்திருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆலைக்காரருக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. "உன் வாய்க்கு ஒரு ஸ்டார்ட்டர் பொட்டி போடணும்" என்றார். அவள் விடவில்லை. "போடுங்க, ஆனா எர்த்தோட போடுங்க."

அவர் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல நேரம் பாத்துதான் எடுக்கணும். நாளைக்கு ஞாயித்துக்கெழம, பூசாரியக் கேக்கறேன். முடியும்னு இப்பவே சொல்ல மாட்டேன்."

அந்த அளவில்தான் திரும்பினேன். டீ ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் குடித்தேன். தாளில் கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மலையிலேயே இருந்துவிட்டேன். ஆராதனைக்குப் போகவில்லை. அவருக்குப் போன் போட்டுக் கேட்கலாமா என்று ஆறு முறை எடுத்து ஆறு முறையும் வைத்துவிட்டேன். சாமி விஷயத்தில் அவசரப்படுத்துகிறான் என்று நினைத்துவிட்டால்?

திங்கட்கிழமை ஆறு இருபது பஸ்ஸில் பதினேழு பேரோடு நானும் ஏறினேன். பதினான்கு பேரை அவரவர் இடத்தில் விட்டுவிட்டு, கடைசி மூன்று பேரோடு ஆலைக்குப் போனபோது மணி ஒன்பதே கால். மூவரில் ஒருத்தி அந்த மாமன் மகள். வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். "சார், எங்க அத்த பொண்ணு சொன்னா, அங்க பிரியாணி போடுவாங்களாமே?"

இயந்திர அறை வாசலில் நின்று பார்த்தேன். ஸ்டார்ட்டர் பெட்டி புதிது. அதிலிருந்து பச்சைக் கம்பி ஒன்று சுவரோரமாக இறங்கி வெளியே போயிற்று. அதற்கு மேலே படம் இல்லை. படம் இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது. நடுவில் ஆணி, அதைச் சுற்றிக் குங்குமம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் தண்ணீர். ஆலைக்காரர் அலுவலக அறையிலிருந்து தலையை நீட்டி, "இங்க வந்து கும்புட்டுக்கினு போவச் சொல்லுங்க சார், அவங்கள" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே போயிற்று. வாசலில் செருப்புகள் அப்படியே வரிசையாகக் கிடந்தன. பதினோரு ஜோடி. உள்ளே எல்லோரும் வெறுங்காலில் நடந்துகொண்டிருந்தார்கள். சாமி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்று பேரும் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள். மாமன் மகள் ஒரு காலைக் கழற்றியேவிட்டாள்.

"போடு" என்றேன். "போட்டுக்கோ."

"எல்லாரும் வுட்டிருக்காங்களே சார்."

சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. அதே வாசலில் சொல்லாமலே நான் ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். என் செருப்போடு படி மேல் ஏறினேன். வலது காலைத் தூக்கி உள்ளே வைப்பதற்குள் ஆணியும் குங்குமமும் கண்ணில் பட்டு, கால் நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த நெல் கிளறுகிற அம்மாவும் பார்த்தாள். உள்ளே வைத்தேன். வாசலிலிருந்து பெட்டிக்குப் பதினான்கு அடி. ஒவ்வோர் அடிக்கும் செருப்பு தண்ணீரில் சளக் சளக் என்றது. பெட்டியைத் தொட்டேன். ஒன்றும் இல்லை, இரும்பு மட்டும். திரும்பிப் பார்த்தபோது மூன்று பேரும் ஷூவோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்.

"அட, பெரியவரே போய்ட்டாரு" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா வெளியே போய், தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தாள். மற்ற பத்துப் பேர் போடவில்லை. அன்று அங்கேயே தாளில் கையெழுத்துப் போட்டேன். காலணி வரியில் குறி போடாமல், 'பதினொருவரில் ஒருவர்' என்று எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து அதே வகுப்பறையில் பதினேழு பேர். மூன்று முறை எண்ணினேன். ஆலைக்குப் போன மூன்று ஜோடியின் பள்ளங்களிலும் தவிடும் உமியும் களிமண் போல இறுகியிருந்தன. ஒரு குச்சியால் நோண்டி எடுத்தும் போகவில்லை. தாள்களை வாங்கி ஒன்பதாவது கேள்வியை மட்டும் முதலில் பார்த்துக்கொண்டு வந்தேன். 'ஆபத்தாக எதையாவது பார்த்தாயா?' ஆறு பேர் 'ஆம்' என்று எழுதியிருந்தார்கள். ஒருவனுக்கு ஸ்பேனர் நழுவியிருக்கிறது. ஒருத்தியின் நகத்தில் ஊசி ஏறியிருக்கிறது. ஆறாவது தாள் மாமன் மகளுடையது. கோடு போட்ட இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தாள்.

'முதல் நாள் மிஷின் ரூமில் தரை ஈரமாக வழுக்கியது. நாங்கள் மூன்று பேரும் ஷூ போட்டிருந்தோம். சார் மட்டும் ரப்பர் செருப்பு போட்டிருந்தார். அதுவும் தேய்ந்த செருப்பு.'

செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கம் பள்ளமே இல்லை.